கால் எட்டாத பைக்

போன நோன்புக்கு ரெண்டு கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. நான் காக்காட என்எஸ் 200ஐப் பள்ளிக்குப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நடந்து போறவரே என்னை முந்துவார். தொப்பி போட்ட சின்னப் பொடியன் ஒருவன் குறுக்கே ஓடினான். வலது கை தன்பாட்டில் முன் பிரேக்கை இறுக்கிவிட்டது. ஹான்டில் வலப்பக்கம் திரும்பியிருந்தது, கீழே மணல். பைக் சாயத் தொடங்கியது. காலை ஊன்றினேன். ஊன்றின இடத்தில் நிலம் இல்லை. இருந்தது, என் காலுக்கு ரெண்டு அங்குலம் கீழே.

எட்டுப் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். "டேங்க் கீறிட்டா பாருங்க." "இன்டிகேட்டர் போயிட்டு." "லீவர் ஒடஞ்சிருந்தா ரெண்டாயிரம் மூவாயிரம் போயிரும்." நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள், பைக்கை. நான் நானாகவே எழும்பி, வெள்ளைச் சட்டையில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். விழுந்தவன் முதலில் செய்கிற வேலை சிரிக்கிறதுதான். கூட்டத்தில் ஒரு வயசாளி மட்டும் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்கட சைஸுக்கு ஒண்டு எடுங்கவன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வசனம் மூன்று நாள் தொண்டைக்குள் நின்றது.

என் உயரம் ஐந்தடி ரெண்டு அங்குலம். எடை நாற்பத்தொன்பது கிலோ, சாப்பிட்ட பிறகு ஐம்பது. காக்கா ஐந்தடி ஒன்பது. அவர் 2019இல் செக்கன் ஹான்டாக அந்த பைக்கை எடுத்தார், 2022இல் நாடு கிடந்த கிடையில் கத்தாருக்குப் போய்விட்டார். போகும்போது சாவியை என் கையில் தந்து, "வடிவாப் பாத்துக்க, சும்மா நிப்பாட்டி வெச்சா கெட்டுப் போயிரும்" என்றார். சாய்ந்தமருதிலிருந்து ஒலுவில் கெம்பஸுக்குப் போக பஸ் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு பைக் சும்மா நிற்கும்போது பஸ்ஸில் போகிறவனை எங்கள் ஊரில் யாரும் மனிசனாகக் கணக்கெடுப்பதில்லை. இதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம். பெரிய மிகைப்படுத்தல் இல்லை.

என்எஸ் 200 சீட்டின் உயரம் 805 மில்லிமீற்றர். எடை 150 கிலோவுக்கு மேல். நான் ஏறி உட்கார்ந்தால் ரெண்டு காலிலும் பெருவிரல் நுனி மட்டும் தரையில் தொடும். ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தால் ஒரு கால் முக்கால்வாசி ஊன்றும், மற்றது அந்தரத்தில். ஓடும்போது இது ஒன்றும் தெரியாது. நிந்தவூரைத் தாண்டி களியோடைப் பாலத்தில் ஏறும்போது ரெண்டு பக்கமும் காற்று, அந்த நேரம் அந்த பைக்குக்கு எடையே இல்லை. நிப்பாட்டும்போதுதான் 150 கிலோவும் திரும்பி வரும்.

என்னோடு கெம்பஸ் ரூமில் இருக்கிற கூட்டாளி என்ஜினியரிங். விழுந்த கதையை அவனிடம் மட்டும்தான் முழுசாகச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டான். பைக்கின் பாரம் நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் குவிந்திருக்கு, நீ ஒரு மீற்றர் உயரத்தில் ஹான்டிலைப் பிடிச்சிருக்கிறாய் என்று சும்மா வைத்துக்கொள்வோம். நேரே நிற்கிற பைக்கைப் பிடிக்க ஒரு விரல் போதும். 5 பாகை சாய்ந்தால் கையில் ஏழு கிலோ. 15 பாகையில் இருபது. 30 பாகையில் நாற்பதுக்குக் கிட்ட. "உன்ட வெயிட்டே நாப்பத்தொம்பது மச்சான். 15 தாண்டினா நீ பைக்கப் பிடிக்கிறல்ல, பைக் உன்னப் பிடிக்கிற." அந்தக் கணக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என்னில் ஏதோ ஒரு ஆண்மைக் குறைபாடு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கொப்பியில் பார்த்தால் அது வெறும் திரிகோண கணிதம்.

முன் பிரேக்கைப் பற்றியும் சொன்னான். மெதுவாக ஓடி, ஹான்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. முன் சக்கரம் நின்றுவிடும், பைக்கின் மிச்சப் பாரம் நிற்காது, திரும்பின பக்கம் கவிழும். அந்த நேரத்தில் பின் பிரேக்தான், அதுவும் மெல்ல மிதிக்க வேணும். இதை லேனர்ஸில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் எட்டுப் போட்டுப் பழகினது பலபேர் விழுத்தித் தேய்ந்துபோன ஒரு சின்ன பைக்கில். நம் நாட்டு லைசன்ஸில் மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு வகுப்பு: 100 சிசிக்கு மேற்படாதது ஏ1, அதற்கு மேல் ஏ. அவ்வளவுதான். 110 சிசி டியோ ஸ்கூட்டரும் 350 சிசி ரோயல் என்ஃபீல்ட் கிளாஸிக்கும் ஒரே எழுத்துக்குள் வரும். ஒன்று நூறு கிலோச் சொச்சம், மற்றது 195 கிலோ. எஞ்சினை அளக்கிற சட்டத்துக்கு ஓட்டுறவரின் கால் நீளம் தெரியாது. ஜப்பானில் பெரிய மோட்டார் சைக்கிள் பழகப் போனால், பல பள்ளிகளில் ஓட்டுவதற்கு முதல் தரையில் சாய்த்துக் கிடத்தின வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்வார்கள். பிறகு எஞ்சினைப் போடாமல் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். எங்கட ஊரில் இந்த மாதிரி ஒரு சோதனை வைத்தால் கலியாண வீட்டுக்கு முன்னால் நிற்கிற பைக்குகளில் பாதி அடுத்த நாள் விற்பனைக்கு வரும்.

அந்த ஜும்ஆவுக்குப் பிறகு நான் பைக் ஓடுகிறதை நிறுத்தவில்லை. அதற்கும் ஒரு தைரியம் வேணும், அது என்னிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மெப் தயாரித்தேன். தாளில் இல்லை, தலைக்குள். எந்தெந்த இடத்தில் இடது பக்கம் கால் வைக்க உயரமாக ஏதாவது இருக்கிறது என்கிற மெப். மாளிகைக்காட்டில் ஒரு கடையின் சீமெந்துப் படி. காரைதீவுச் சந்தியில் விபுலானந்தர் சிலைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரக் கல்வரிசை. நிந்தவூரில் ஒரு மதில் அடி. எங்கள் ஒழுங்கை மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் மதகுக் கட்டு, அதுதான் எல்லாவற்றிலும் நல்லது, சரியாக ஆறு அங்குலம். நண்பர்கள் ஒரு கடையில் நிப்பாட்டச் சொன்னால் "அங்க வேணா, இஞ்சால போவம்" என்பேன். காரணம் கேட்டால் அந்தக் கடையில் ரோல்ஸ் சரியில்லை என்பேன். பாவம், நல்ல ரோல்ஸ் போடுகிற ரெண்டு மூன்று கடைகளுக்கு என்னால் கெட்ட பேர்.

வாப்பாவிடம் ஒரு சீடி 200 இருக்கிறது. ஹொண்டா, ரெண்டு சிலிண்டர், ரெண்டு பக்கமும் சைலன்சர். இப்போதைய பொடியன்மாருக்கு அது ஒரு பழைய இரும்பு. வயசு போனவர்கள் அதைப் பார்த்தால் நின்று ரெண்டு வார்த்தை கதைத்துவிட்டுத்தான் போவார்கள். எப்படிப் பார்த்தாலும் 130 கிலோவுக்குக் குறையாது. வாப்பா அதில்தான் சம்மாந்துறைப் பக்கம் வட்டைக்குப் போய் வருவார், பின் கேரியரில் ஐம்பது கிலோ உரப் பையைக் கட்டிக்கொண்டு, மாவடிப்பள்ளி ரோட்டில், மாடு குறுக்கே வந்தாலும் கால் ஊன்றாமல். சின்ன வயசில் நான் பார்த்த வாப்பா, பைக்கை டபுள் ஸ்டான்டில் ஏற்றுகிற வாப்பாதான். ஸ்டான்டில் ஒரு காலை வைத்து, கேரியரை ஒரு கையால் பிடித்து, ஒரு இழுவை. 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் டீவியை நிப்பாட்டிவிட்டுக் கொப்பியை எடுப்போம்.

2022இல் பெற்றோல் கியூ. இதை வாசிக்கிற எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும், விவரிக்கத் தேவையில்லை. கியூஆர் வந்த பிறகு பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அதற்கு முதல் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாத காத்திருப்பு. ஷெட்டில் வரிசை நகரும்போது யாரும் எஞ்சினைப் போட மாட்டார்கள், பெற்றோல் போய்விடும், எல்லோரும் தள்ளுவார்கள். ஒருநாள் வாப்பாவும் நானும் போயிருந்தோம். பாதி வழியில் வாப்பா, "நீ தள்ளு மகன், நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று ஹான்டிலை என் கையில் தந்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் கோபம். வெயிலில் என்னைவிட்டு இவர் நிழலுக்குப் போகிறாரே என்று. திரும்பி வந்தவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். ஷெட் வரும்வரை ஹான்டிலைக் கேட்கவே இல்லை.

வாப்பாவுக்குச் சீனி. பதினைந்து வருஷமாக. 2023இல் இடது காலில் சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் எடுக்க வேண்டி வந்தது. புண் ஆறினதும் முதல் வேலையாக சீடி 200இன் கிக்கரை மிதித்தார். உம்மா அன்று முழுக்க ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பைக் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், நிப்பாட்டும்போது நாங்கள் ஊன்றுவது பெரும்பாலும் இடது கால். வலது கால் பிரேக்கில் இருக்கும். ரெண்டு விரல் இல்லாத, மிச்ச இடத்திலும் பாதி மரத்துப்போன ஒரு இடது காலில் 130 கிலோவைத் தாங்கி நிற்பது எப்படி என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அவர் வாப்பா, நிற்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் அஸருக்குப் பிறகு. கெம்பஸிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கை முனையில் மதகுக் கட்டில் கால் வைத்து நிற்கலாம் என்று வேகத்தைக் குறைத்தால், அங்கே வாப்பா நிற்கிறார். சீடி 200இல் உட்கார்ந்தபடி, இடது கால் மதகுக் கட்டில், கை ஹான்டிலில், மெயின் ரோட்டில் வாகனம் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு. யாரோடும் கதைக்கவில்லை. வாகனம் எல்லாம் போய் ரோடு வெறுமையான பிறகும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு காலை எடுத்து எழுப்பிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன், தூரத்தில். அவர் எப்போதும் தேத்தண்ணி குடிக்கிற கடைக்கு முன்னால் நின்றார். அந்தக் கடையில் தேத்தண்ணி சீனி போடாத சுடுதண்ணி மாதிரி இருக்கும். கூட்டாளிமார் எல்லாம் வேறு கடையில் இருக்க இவர் ஏன் அங்கே போகிறார் என்று வீட்டில் நாங்கள் பகிடி பண்ணுவோம். கடைக்கு முன்னால், ரோட்டோரத்தில், இடது பக்கம், உயர்ந்த ஒரு சீமெந்துக் கட்டு.

என்னுடைய மெப்பை வைத்துக்கொண்டு என் வாப்பா ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். அல்லது அவருடைய மெப்பை நான் பிந்திக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் "உனக்கு எப்புடித் தெரியும்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் என்னுடைய கதையையும் சொல்ல வேணும்.

இந்த இடத்தில் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேணும். ராத்தா டீச்சர். அவவிடம் ஒரு ஸ்கூட்டி பெப் இருக்கிறது, 95 கிலோகூட வராது. எங்கள் பக்கம் பொம்பிளைகள் ஸ்கூட்டி ஓடத் தொடங்கின காலத்தில் கதைக்காத ஆள் இல்லை. இப்போது காலையில் எந்தப் பாடசாலை வாசலில் பார்த்தாலும் அபாயாவோடு வரிசையாக ஸ்கூட்டிகள் நிற்கும், கதைத்தவர்களுடைய மகள்மாரும் அதில் இருப்பார்கள். ராத்தா வாங்கும்போது கடையில் நாலைந்து ஸ்கூட்டர்களில் ஏறி இறங்கி, "இது பாரம், எனக்கு ஏலா", "இதுல கால் எட்டல்ல" என்று சத்தமாகவே சொல்லி, கடைசியில் இதை எடுத்தா. நான் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் அதை ஒரு சாதாரண விஷயமாக எடுத்தார். அதே வசனத்தை நான் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று அப்போதே எனக்குத் தெரியும். பொம்பிளைக்குப் பாரம் என்று சொல்ல அனுமதி உண்டு, அதை வைத்து "பாரம்தானே, ஏன் ஓடுறீங்க" என்று இறக்கிவிடவும் ஆட்கள் உண்டு. எங்களுக்கு அந்த வசனமே தடை. எது மோசம் என்று ராத்தாவோடு ஒருநாள் வாதாடினேன். அவ, "உங்கட ஷேப் போறத்துக்காக நீங்க விழுறீங்க. எங்கள விழாமலே எறக்கப் பாக்காங்க. ரெண்டும் ஒண்டா?" என்றா. நான் வாயை மூடினேன்.

விழுந்த பைக்கைத் தனியே தூக்குவது எப்படி என்று எனக்குப் பழக்கினதும் ராத்தாதான். வீடியோ பார்த்துப் படித்து, வளவில் என்எஸ்ஸை மெல்லச் சாய்த்துக் கிடத்தி, காக்காவின் பழைய மெத்தை ஒன்றை அடியில் போட்டுச் செய்து பார்த்தோம். தேவைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதலில் எஞ்சினை நிப்பாட்டுங்கள், கியரில் போடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது உருளும். வலது பக்கம் விழுந்திருந்தால் இப்போதே சைட் ஸ்டான்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஹான்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள், இடுப்பின் கீழ்ப்பக்கம் சீட்டில் பட வேணும். ஒரு கை ஹான்டில் பிடியில், மற்றக் கை பின்னால் பிடிக்கக்கூடிய ஒரு இரும்பில். கையால் தூக்கக் கூடாது, முதுகை வளைக்கக் கூடாது. காலால் தரையைத் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடக்க வேணும். பைக் நிமிரும். இடது பக்கம் விழுந்ததென்றால் கடைசியில் கவனம், வேகமாகத் தள்ளினால் மற்றப் பக்கம் போய்விடும். முதல் தடவை என்எஸ் நிமிர்ந்தபோது ராத்தா கை தட்டினா. உள்ளே இருந்து வாப்பா, "என்ன சத்தம்?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல வாப்பா" என்றோம் ரெண்டு பேரும்.

அந்த வருஷப் பெரும்போகத்துக்கு, மழை தொடங்கின பிறகு. கடற்கரையோர ஊர் என்றால் வளவு முழுக்க மணல். சைட் ஸ்டான்டைச் சும்மா ஊன்றினால் மெல்ல மெல்லப் புதையும், மழை பெய்திருந்தால் இன்னும் சுறுக்காக. அதனால் எல்லா வீட்டிலும் கடப்படியில் ஒரு ஓட்டுத் துண்டோ சிரட்டையோ தட்டையான தகரமோ கிடக்கும், ஸ்டான்டுக்கு அடியில் வைக்க. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை. வாப்பா எப்போதும் டபுள் ஸ்டான்டில்தான் போடுவார், தேவைப்படவில்லை. அந்த 'டக்' சத்தம் எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

உரப் பையோடு வந்திருக்கிறார். சைட் ஸ்டான்டில் விட்டுவிட்டு, இடது பக்கம் நின்று கயிற்றை அவிழ்த்திருக்கிறார். ஸ்டான்ட் புதைந்திருக்கிறது. பைக்கும் பையும் சேர்ந்து அவர் மேல். இடது காலின் கெண்டையில் சைலன்சர், வட்டையிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிவந்த சைலன்சர்.

அவர் கூப்பிடவில்லை. உம்மா குசினியில் இருந்தா, நான் அறையில் ஹெட்போனோடு இருந்தேன். கூப்பிட்டிருந்தால் உம்மாவுக்குக் கேட்டிருக்கும். கோழிக்குத் தவிடு போடப் போன உம்மாதான் கண்டு கத்தினா. நான் ஓடிப்போய், படித்த எல்லாவற்றையும் மறந்து, கையாலேயே தூக்கினேன். அந்த நேரம் எப்படித் தூக்கினேன் என்று கூட்டாளியின் கணக்கிலும் வராது. வாப்பா எழும்பி உட்கார்ந்து, "வழுக்கிட்டு" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "இப்பதான்" என்றார். பை கிழிந்து கொட்டின யூரியா ஈரத்தில் பாதி கரைந்திருந்தது. மரத்துப்போன கால் என்பதால் சூடு முழுசாகத் தெரியவில்லை. அதனால்தான் அவ்வளவு நேரம் கிடந்திருக்கிறார், அதனால்தான் அவ்வளவு ஆழமாகச் சுட்டிருக்கிறது.

சீனிக்காரரின் காலில் சூட்டுப் புண் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாலு மாதம். ஒன்றுவிட்டு ஒருநாள் மருந்து கட்ட வேணும். ஒரு கட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் உம்மாவிடம் சொல்லியிருக்கிறார், உம்மா எங்களிடம் சொல்லவில்லை. அல்லாஹ்வுடைய காவலில் அந்த அளவுக்குப் போகவில்லை. மருந்து கட்டக் கூட்டிப் போவது என் பொறுப்பு. என்எஸ்ஸில் அவரை ஏற்ற ஏலாது, பின் சீட் என் நெஞ்சு உயரம். ராத்தாவின் ஸ்கூட்டியில்தான் போனோம். முன்னால் நான், பின்னால் வாப்பா, ரெண்டு பேருக்கும் ரெண்டு காலும் முழுசாகத் தரையில்.

மூன்றாவது மாதம் போல ஒருநாள், திரும்பி வரும் வழியில், ஒழுங்கை முனையில் வாகனம் போகட்டும் என்று நின்றோம். பழக்க தோஷத்தில் நான் இடது காலை மதகுக் கட்டில் வைத்தேன். ஸ்கூட்டிக்கு அது தேவையே இல்லை, முழங்கால்தான் மடிந்தது. பின்னால் இருந்து வாப்பா கேட்டார்:

"நீயும் இதுலதான் ஊண்டுறயா?"

நான் திரும்பவில்லை. "ஓம் வாப்பா. எனக்கு அது பாரம். கால் எட்டல்ல. ஜும்ஆக்குள்ள விழுந்த."

"தெரியும். அண்டைக்கே வந்து சொன்னாங்க."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு லொறி போனது, பிறகு ஒரு பஸ். "என்னண்டு கேக்கிற" என்றார். "எனக்கும் ஏலாமத்தான் இரிந்த."

அவ்வளவுதான் கதைத்தோம். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, அந்தக் கடைத் தேத்தண்ணி உண்மையிலேயே வாயில் வைக்க ஏலாது என்றும் சொன்னார்.

1958இல் ஹொண்டா கம்பனி சூப்பர் கப் என்று ஒரு வண்டி விட்டது. சொய்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளி டக்கேயோ ஃபுஜிசாவாவும் அதைப் பற்றி யோசித்தபோது, சோபா நூடில்ஸ் கொண்டுபோகிற கடைப் பொடியன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேணும் என்று பார்த்தார்கள். அதனால் அதில் கிளச் லீவர் இல்லை. நடுவில் டேங்கும் இல்லை, காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். எடை 55 கிலோ. 2017இல் அந்தக் குடும்பத்தில் செய்த வண்டிகளின் தொகை 10 கோடியைத் தாண்டியது. எங்கள் ஊரில் சாரன் கட்டிய மூத்தவர்கள் ஓடுகிற நைன்டி அதன் பிள்ளைதான். ஓட்டப் போகிற ஆளின் கையையும் காலையும் முதலில் யோசித்துச் செய்த வண்டியை இந்த உலகம் அதிகமாக வாங்கியிருக்கிறது என்று வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஒரு நைன்டி பாரு" என்றார். பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள நைன்டியை வைத்திருப்பவர்கள் மௌத்தாகும்வரை விற்பதில்லை போலிருக்கிறது. வேறு ஸ்கூட்டர் எடுக்கலாம் என்றால், 2020 மார்ச்சில் இறக்குமதியை நிப்பாட்டினதிலிருந்து பழைய ஸ்கூட்டி புதிசை விட விலை. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், விலை இன்னும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து சேரவில்லை.

சீடி 200ஐ விற்கச் சம்மதித்தார், மூன்று பேர் வந்து பார்த்தும் போனார்கள், மூன்று பேருக்கும் வேண்டுமென்றே கூடிய விலை சொல்லி அனுப்பினார். இப்போது அது கடப்படிக்குப் பக்கத்தில் டபுள் ஸ்டான்டில் நிற்கிறது. ஏற்றினது நான். 'டக்' சத்தம் அவ்வளவு வடிவாக வரவில்லை.

ராத்தாவின் ஸ்கூட்டியை ஓடச் சொன்னால், "பொம்புளட பைக்க ஓடுறதா" என்பார். பின்னால் ஏறுவது பரவாயில்லையாம், ஓடுவதுதான் பிரச்சினையாம். ராத்தா ஒவ்வொரு இரவும் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பா. ரெண்டு கிழமையாக சுபஹு பாங்கு சொல்ல முதல் வளவில் ஸ்டார்ட்டர் சத்தம் கேட்கிறது. இருட்டு, ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வெளிச்சம் வர முதல் திரும்பி வந்து, நிப்பாட்டியிருந்த அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிப்பாட்டிவிடுவார். உம்மாவும் நாங்களும் நித்திரை. ராத்தா மட்டும் பெற்றோல் குறையுது என்று முணுமுணுக்கிறா. ஸ்டான்டுக்கு அடியில் வைக்க ஒரு ஓட்டுத் துண்டைப் போட்டு வைத்தேன், அதையும் அவர் ஒழுங்காக வைக்கிறார்.

காக்கா போன வெள்ளிக்கிழமை கோல் எடுத்தார். "பைக் ஓடுறயா, சும்மா நிக்குதா?" "ஓடுது காக்கா." என்எஸ்ஸின் சீட்டைச் செதுக்கி ரெண்டு அங்குலம் குறைக்கலாம் என்று கராஜ் பாஸ் சொல்லியிருக்கிறார், அதற்குக் காக்காவிடம் கேட்க வேணும். ஏன் என்று கேட்பார். இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார், டேங்கில் உள்ள கீறலும் சேர்த்து.